உங்கள் தேன் பெட்டியில் ராணி இருக்கிறாளா?

நாம் நாலு நாள் தாய் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் வீடு எப்படி இருக்கும்? தொட்டி நிறையப் பாத்திரம், கொடி நிறைய ஈரத் துணி, "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" என்று ஒரு குரல், "காப்பித்தூள் டப்பா எங்கே வெச்சே?" என்று இன்னொரு குரல். ஆனாலும் வீடு இடிந்து விழுந்துவிடாது. நாம் வந்து இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும்.

தேனீக்களின் வீடு அப்படியில்லை. அங்கே தலைவி போய்விட்டால், யாரும் கவனிக்காவிட்டால், இரண்டு மூன்று மாதத்தில் வீடே காலி! பெட்டி இருக்கும், அடை இருக்கும், அந்துப்பூச்சி இருக்கும், தேனீ மட்டும் இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டுப் புழக்கடையில், என் கண் முன்னால் ஒரு பெட்டி அப்படித்தான் போயிற்று. அடுத்த பெட்டியை மட்டும் எப்படியோ காப்பாற்றிவிட்டேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பகுதியில் தேன் பெட்டி வைப்பது, மற்ற ஊர்களில் கோழி வளர்ப்பது மாதிரி. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற மையம் நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், குடியானவர்களுக்குக் கைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தார். அதற்கும் முன்பே திருச்சியில் நியூட்டன் பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்றபடி ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்திருந்தார். இன்றும் எங்கள் தோட்டங்களில் நிற்பது அந்த நியூட்டன் பெட்டிதான். 1990-களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து ஊர் ஊராகத் தேனீக்கள் அழிந்து, பல வீடுகளில் வெறும் பெட்டிகள்தான் மிஞ்சின. அதிலிருந்தும் மெல்ல மெல்ல எழுந்து வந்து, 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எனக்கு இரண்டே இரண்டு பெட்டிகள். அந்தத் தேன் விற்ற காசு என் மகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு. அதனால் ஒரு பெட்டி போவது என்பது எனக்கு வெறும் பூச்சி சமாசாரம் இல்லை.

முதல் பெட்டி போன கதை

முதல் பெட்டி போனது என் அறியாமையால். ஆனி மாத மழை முடிந்து ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்தேன். கறுப்பாக, கொழுகொழுவென்று பெரிய தேனீக்கள் நிறைய உலாவின. "பார்த்தீங்களா, நம்ம தேனீ எல்லாம் எப்படிக் கொழுத்திருக்கு!" என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக் கொண்டேன். அவரும் தலையை ஆட்டினார்.

அத்தனையும் ஆண் தேனீக்கள்! கூட்டில் ராணி இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. எனக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை. ஆவணி முடிவதற்குள் பெட்டி காலி. அடை முழுக்க வெள்ளைப் புழுவும் நூலாம்படையும்.

பக்கத்துத் தோட்டத்து மயினி வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முப்பது வருஷமாகப் பெட்டி வைத்திருப்பவர்கள். "ராணி போயி ரொம்ப நாளாச்சு பிள்ளே. முன்னமே என்னைக் கூப்பிட்டிருக்கப்படாதா?" என்றார்கள். அந்த ஒரு கேள்வி என்னைச் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து அவர்களிடம்தான் பாடம்.

ராணி செய்யும் வேலை என்ன?

ராணி என்றால் சிம்மாசனத்தில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஓயாமல் பிள்ளை பெறுகிற தாய். நல்ல பருவத்தில் ஒரு நாளைக்குச் சில நூறு முட்டைகள் இடுவாள். ஒரு கூட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான பணித் தேனீக்கள் எல்லாம் அவள் பெற்ற பெண்கள். பருவ காலத்தில் உழைத்து உழைத்து ஆறு வாரத்துக்குள் அந்தப் பெண்கள் ஆயுள் முடிந்துவிடும். தினமும் சாகிறவர்களுக்குப் பதிலாகத் தினமும் புதிதாகப் பிறந்தாக வேண்டும். முட்டை நின்றால் கூடு தேய ஆரம்பித்துவிடும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவள் உடம்பிலிருந்து ஒரு வாசனைப் பொருள் சுரக்கிறது. அவளைச் சுற்றியிருக்கும் பெண்கள் அதை நக்கி எடுத்து, கூடு முழுக்கப் பரப்புகிறார்கள். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பட்லர் என்ற விஞ்ஞானி 1954-ல் இதற்கு 'ராணிப் பொருள்' என்றே பெயர் வைத்தார். "அம்மா இருக்கிறாள், கவலைப்படாதே" என்று கூட்டுக்குச் சொல்லும் செய்தி அதுதான். அது வரவில்லை என்றால் சில மணி நேரத்தில் பெட்டிக்குள் கலவரம்.

ராணியைப் பற்றி நமக்கு முதலில் பல உண்மைகளைச் சொன்னவர் பார்வை இழந்த ஒருவர் என்றால் நம்புவீர்களா? ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிரான்ஸுவா ஹ்யூபர். மனைவியும், பர்னென்ஸ் என்ற வேலைக்காரரும் அவருக்குக் கண்ணாக இருந்தார்கள். ராணி கூட்டுக்குள் அல்ல, வெளியே பறந்து போய்த்தான் ஆண் தேனீக்களோடு சேர்ந்து வருகிறாள் என்பதை அவர்தான் நிலைநாட்டினார். 1792-ல் அவர் புத்தகம் வெளிவந்தது. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

குக்கர் விசில் செய்த வினை

இப்போது இரண்டாவது பெட்டி. அது மார்கழி மாதத் தொடக்கம். எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் புதுத் தளிர் விடும் மாசி, பங்குனிதான் தேன் காலம். ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இளந்தளிரின் காம்பில் சுரக்கிறது. அந்த நேரத்துக்குக் கூட்டில் ஆள் பலம் இருந்தால்தான் நமக்குத் தேன்.

அடித்தட்டைச் சுத்தம் செய்யலாம் என்று காலையில் பெட்டியைத் திறந்தேன். சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் குக்கர் விசில் மேல் விசில். பருப்பு குழைந்துவிடுமே என்ற அவசரத்தில் கையிலிருந்த சட்டத்தைச் சாய்த்து, அழுத்தி உள்ளே திணித்துவிட்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் பெட்டிப் பக்கம் போனபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. வாசலில் தேனீக்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி அலைந்தன. மயினியைக் கூப்பிட்டேன்.

"பெட்டியில காதை வெச்சுக் கேளு பிள்ளே" என்றார்கள்.

வைத்தேன். வழக்கமான 'ம்ம்ம்' என்ற சீரான ரீங்காரம் இல்லை. ஏறி ஏறி இறங்கும் ஓர் இரைச்சல். அழுகை மாதிரி.

"இப்ப விரல் மடக்கால ஒரு தட்டுத் தட்டு. ராணி இருந்தா 'உஸ்'ஸுன்னு இரைஞ்சிட்டு உடனே அடங்கும். இது அடங்குதா பாரு."

அடங்கவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பருப்புக்காக ராணியை நசுக்கிவிட்டேன்!

"அழாதே பிள்ளே. சத்தத்தை மட்டும் வெச்சுத் தீர்ப்புச் சொல்லப்படாது. நாலு நாள் பொறுத்து அடையைப் பார்ப்போம். அடைதான் சரியான சாட்சி."

ராணி இல்லை என்று எப்படிக் கண்டுகொள்வது?

மயினி எனக்குச் சொல்லித்தந்த அடையாளங்களை வரிசையாகத் தருகிறேன். பெட்டி வைத்திருப்பவர்கள் இதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. வாசலில் மகரந்தம் வருகிறதா? காலையில் பத்து நிமிஷம் வாசலில் உட்கார்ந்து பாருங்கள். பின்னங்காலில் மஞ்சள் உருண்டையோடு தேனீக்கள் வந்தால் உள்ளே குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மகரந்தம் குழந்தைச் சாப்பாடு. குழந்தை இல்லாத வீட்டில் பால் வாங்குவது குறைகிற மாதிரி, ராணி போன கூட்டில் மகரந்தம் வருவது குறைந்துவிடும்.

2. சத்தம், குணம். இரைச்சல் கூடும். சாதுவாக இருந்த பெட்டி திடீரென்று கொட்ட வரும், அல்லது மந்தமாகிவிடும்.

3. முட்டை இருக்கிறதா? இதுதான் முக்கியம். ராணியையே தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் அடைக்கு அடை ஓடி ஒளிவாள். முட்டை இருந்தால் போதும். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, வெளிச்சம் அறையின் அடிவரை போகும்படி சட்டத்தைப் பிடியுங்கள். உடைந்த அரிசி முனை மாதிரி, அதையும்விட மெலிதாக, வெள்ளையாகத் தெரியும். அறைக்கு ஒன்று, நடு அடியில் இருக்கும். முதல் நாள் முட்டை நிமிர்ந்து நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிமிர்ந்த முட்டையைப் பார்த்தால், நேற்றோ இன்றோ ராணி அங்கே வந்து போயிருக்கிறாள். நிம்மதியாக மூடிவிடலாம்.

4. அவசர ராணி அறைகள். நிலக்கடலைத் தோடு மாதிரி நீளமாக, தலைகீழாகத் தொங்கும் அறை ராணிக்குரியது. அடையின் கீழ் விளிம்பில் வரிசையாக இருந்தால், கூடு பிரிந்து போகத் தயாராகிறது என்று பொருள். அடையின் நடு முகத்தில், சாதாரணப் புழு அறையையே அகலப்படுத்திக் கட்டியிருந்தால், "எங்கள் அம்மா திடீரென்று போய்விட்டாள், அவசரமாக இன்னொருத்தியை வளர்க்கிறோம்" என்று பொருள்.

எப்போது போனாள் என்றும் கணக்குப் போடலாம். முட்டை மூன்று நாளில் பொரியும். புழு ஐந்து நாளில் முழுதாக வளர்ந்து, அறைக்கு மூடி விழும். முட்டை இட்டு ஏறக்குறைய மூன்று வாரத்தில் பணித் தேனீ வெளியே வரும். ஆகவே,

முட்டை இருந்தால்: ராணி இருக்கிறாள், அல்லது போய் மூன்று நாளுக்கு மேல் ஆகவில்லை.

முட்டை இல்லை, சின்னப் புழு இருக்கிறது: போய் நாலைந்து நாள்.

மூடிய அறைகள் மட்டுமே: ஒரு வாரம் தாண்டிவிட்டது.

எதுவுமே இல்லை: மூன்று வாரம் ஆகிவிட்டது. அவசரம்!

அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்

முட்டை இல்லை என்ற உடனே ராணி இல்லை என்று சொல்லிவிட முடியாது. நல்ல மழைக்காலத்தில், பூ இல்லாத நாளில் ராணி முட்டை இடுவதைக் குறைத்துக்கொள்வாள். சில சமயம் நிறுத்தியே விடுவாள். கூடு பிரிந்து போன பிறகு உள்ளே ஒரு கன்னி ராணி இருப்பாள். அவள் இன்னும் முட்டை இட ஆரம்பித்திருக்க மாட்டாள். அந்த நேரத்தில் நாம் வேறொரு ராணியைக் கொண்டு விட்டால் வீண் சண்டை, ஒரு ராணி சாவு.

அப்படியானால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? இதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு. மற்றொரு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, சந்தேகமுள்ள பெட்டியின் நடுவில் வையுங்கள். மூன்றாம் நாள் பாருங்கள். அதில் ராணி அறை கட்ட ஆரம்பித்திருந்தால் ராணி இல்லை. கட்டாமல் சாதாரணமாகப் புழுக்களை வளர்த்தால் எங்கோ ஒரு ராணி இருக்கிறாள். பெட்டியே பதில் சொல்லிவிடும்!

இதில் விசேஷம் என்னவென்றால், இதுவே சோதனை, இதுவே மருந்து.

உறை மோர் மாதிரி ஒரு சட்டம்

நாலாம் நாள் மயினியும் நானும் என் பெட்டியைத் திறந்தோம். முட்டை ஒன்றுகூட இல்லை. என் பெட்டியில் ராணி அறையும் கட்டியிருக்கவில்லை. இருந்த கொஞ்சப் புழுக்களும் வயதானவை.

ராணியும் பணித் தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வருகிறவர்கள்தான். எல்லாப் புழுவுக்கும் முதலில் பால் போன்ற சத்துணவு கிடைக்கும். பிறகு பணித் தேனீப் புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த சாதாரணச் சாப்பாடு. ராணியாகப் போகிறவளுக்கு மட்டும் கடைசிவரை அந்த ராணிப் பால்தான், அதுவும் தாராளமாக. சாப்பாடு ஒன்றே ஒருத்தியை ராணியாக்குகிறது, இன்னொருத்தியை வேலைக்காரியாக்குகிறது. பிள்ளைக்குச் சின்ன வயதில் கொடுக்கும் ஊட்டம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா? ஆனால் புழு பொரித்து ஒன்றிரண்டு நாளுக்குள் இந்த மாற்றத்தை ஆரம்பிக்க வேண்டும். வயதான புழுவை வைத்து நல்ல ராணியை உண்டாக்க முடியாது.

மயினி தன் பெட்டியிலிருந்து முட்டையும் பொடிப் புழுவுமாக ஒரு சட்டத்தை எடுத்தார்கள். அதில் தன் ராணி இல்லை என்று இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தார்கள். தேனீக்களை மென்மையாகத் துலக்கிவிட்டு, "இந்தா, உறை மோர் மாதிரி வெச்சுக்கோ" என்று என் பெட்டிக்குள் வைத்தார்கள்.

எவ்வளவு சரியான வார்த்தை! வீட்டில் தயிர் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கி உறை ஊற்றுகிறோம் அல்லவா? அதே மாதிரிதான்.

மூன்றாம் நாள் பார்த்தேன். சட்டத்தின் நடுவில் ஐந்து ராணி அறைகள்! நல்ல நீளமாகவும் மேடுபள்ளத்தோடும் இருந்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடச் சொன்னார்கள் மயினி. நிறைய விட்டால் பல ராணிகள் வெளிவந்து கூடு பிரிந்து போய்விடக்கூடும். ராணி அறை உள்ள சட்டத்தை ஒருபோதும் தலைகீழாகத் திருப்பவோ, தட்டவோ, உதறவோ கூடாது. உள்ளே இருப்பது கர்ப்பத்துக் குழந்தை மாதிரி.

பொறுமையாக இருங்கள்

இனிமேல் நம் வேலை ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. அதுதான் சிரமம்!

முட்டையிலிருந்து ராணி வெளிவர 15, 16 நாள். நாம் இளம் புழு கொடுத்தால் ஏறக்குறைய 12 நாளில் ராணி வெளியே வருவாள். அடுத்த ஒரு வாரத்தில், வெயில் அடிக்கும் ஒரு மத்தியான நேரத்தில், வெளியே பறந்து போய் ஆகாயத்தில் பல ஆண் தேனீக்களோடு சேர்ந்து திரும்புவாள். ஹ்யூபர் சொன்னது இதைத்தான். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் முட்டை. ஆக மொத்தம் மூன்றிலிருந்து நாலு வாரம்.

இந்த நாட்களில் கவனிக்க வேண்டியவை:

பெட்டியை இடம் மாற்றக் கூடாது. வெளியே போன ராணி அடையாளம் வைத்துத்தான் திரும்பி வருவாள். இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாசலில் ஆளுக்கொரு கலரில் கோடு போட்டு வையுங்கள்.

ராணி ஓடிப்போகாமல் இருக்க வாசலில் தடுப்புத் தகடு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அவள் வெளியே போகாவிட்டால் ஆயுசுக்கும் கன்னிதான்.

அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். பொழுது போகாத மாமியார் மாதிரி தினமும் எட்டிப் பார்த்தால் புது ராணிக்கே ஆபத்து.

பூ இல்லாத நாளாக இருந்தால் சாயங்காலம் சர்க்கரைப் பாகு வையுங்கள். சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, கொதித்து ஆறியது போதும். வெளியே சிந்தினால் எறும்பும் மற்றக் கூட்டுத் தேனீக்களும் கொள்ளையடிக்க வரும், ஜாக்கிரதை.

என் பெட்டியில் ஆள் குறையாமலிருக்க, பத்து நாள் கழித்து மயினி மூடிய அறைகள் நிறைந்த இன்னொரு சட்டமும் கொடுத்தார்கள். தைப் பொங்கல் அன்று காலை, பொங்கல் பானை இறக்கின கையோடு போய் மெதுவாகத் திறந்தேன். வெயிலில் சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தேன். அறைக்கு ஒன்றாக, நிமிர்ந்து நிற்கும் முட்டைகள்! என் மகள், "அம்மா, எதுக்கு இப்படிச் சிரிக்கிறே?" என்று கேட்டாள்.

வேறு வழிகளும் உண்டு

ராணி அறை கிடைத்தால்: வேறொரு நல்ல பெட்டியில் பிரிந்து போகக் கட்டிய, மூடிய ராணி அறை இருந்தால், அதைச் சுற்றியுள்ள அடைத் துண்டோடு சேர்த்து வெட்டி, நம் பெட்டியின் நடு அடையில் பொருத்தலாம். ஒரு வாரத்துக்கு மேல் மிச்சமாகும்.

முட்டை இடும் ராணியே கிடைத்தால்: நேரே விட்டுவிடாதீர்கள். அந்நிய வாசனை என்று சூழ்ந்து கொன்றுவிடும். சின்னக் கம்பி வலைக் கூண்டில் அவளை விட்டு, பொடித்த சர்க்கரையைத் தேனில் பிசைந்து கூண்டின் வாயை அடைத்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிட வேண்டும். பணித் தேனீக்கள் அதைத் தின்று வழி திறப்பதற்குள் அவள் வாசனை பழகிவிடும். பெட்டியில் இருக்கும் ராணி அறைகளை முன்பே நீக்கிவிட வேண்டும்.

ஆள் மிகக் குறைந்துவிட்டால்: நல்ல ராணி உள்ள பெட்டியோடு சேர்த்துவிடுவதே புத்திசாலித்தனம். சாயங்காலம், பலமான பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில ஓட்டைகள் போட்டு, அதன் மேல் ராணி இல்லாத அறையை வைத்து மூடுங்கள். இரண்டு பக்கத்தாரும் தாளைக் கடித்துக் கிழிப்பதற்குள் இரண்டு வாசனையும் ஒன்றாகிவிடும். இரண்டு மூன்று நாளில் ஒரே குடும்பம். "ஒரு பெட்டி குறைஞ்சு போச்சே" என்று வருத்தப்படாதீர்கள். இரண்டு நோஞ்சான் பெட்டியைவிட ஒரு பலமான பெட்டியே அதிகத் தேன் தரும்.

முற்றிய நோய்

என் முதல் பெட்டிக்கு வந்தது இதுதான். ராணியும் இல்லை, புழுவும் இல்லை என்று நாளாகிவிட்டால், பணித் தேனீக்களே முட்டை இட ஆரம்பித்துவிடும். நம் நாட்டுத் தேனீயில் இது சீக்கிரமே நடக்கும். அவர்கள் ஆணோடு சேராதவர்கள். தேனீக்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். ஆகவே பிறப்பதெல்லாம் ஆண். பூவுக்குப் போகவும் தெரியாது, அடை கட்டவும் தெரியாது!

அடையாளம்: ஒரே அறையில் இரண்டு, மூன்று, அதற்கும் மேல் முட்டைகள். அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கும். பணித் தேனீ அறைகள் தாறுமாறாக மேடு கட்டி மூடியிருக்கும். நம் நாட்டுத் தேனீயின் ஆண் அறை மூடியில் நடுவே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை வைத்தும் கண்டுபிடிக்கலாம். அறைக்கு ஒரே முட்டை, சரியாக அடியில், ஆனால் பிறப்பதெல்லாம் ஆண் என்றால், வெளியே போய்ச் சேர முடியாத ராணி ஒருத்தி இருக்கிறாள் என்று அர்த்தம். அவளை நீக்கிவிட்டு மேலே சொன்ன வழிகளைச் செய்யலாம்.

பணித் தேனீக்களே முட்டை இடும் கூட்டில் புது ராணியை விட்டால் பெரும்பாலும் கொன்றுவிடும். இதற்கு மருந்து பொறுமைதான். வாரம் ஒரு முறை, முட்டையும் திறந்த புழுவும் உள்ள சட்டம் ஒன்றை மற்றப் பெட்டியிலிருந்து கொடுத்து வாருங்கள். புழுக்களின் வாசனை பட்டுப் பட்டு, அவர்கள் முட்டை இடுவது அடங்கும். ஒரு நாள் ராணி அறை கட்ட ஆரம்பிப்பார்கள். அப்போது பிழைத்தது என்று பொருள். பலம் இல்லாத கூடு என்றால், தேனீக்களைச் சற்றுத் தள்ளி உதறிவிட்டு, அந்தப் பெட்டியை எடுத்துவிடுவதே நல்லது. பறக்கக்கூடியவை மற்றப் பெட்டிகளில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

வருமுன் காக்க

எப்போதும் இரண்டு பெட்டிகளாவது வையுங்கள். ஒன்றுக்கு ஒன்று துணை. முடியாவிட்டால் பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரோடு சிநேகமாக இருங்கள்.

பருவ காலத்தில் வாரம் ஒரு முறை பாருங்கள். ராணியைத் தேட வேண்டாம், முட்டையைப் பாருங்கள்.

சட்டத்தை நேராக எடுத்து, நேராக, மெதுவாக வையுங்கள். முதலில் ஓரத்துச் சட்டத்தை எடுத்து இடம் உண்டாக்கிக்கொண்டால் ராணி நசுங்க மாட்டாள்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள்! இது என் சொந்தக் குறிப்பு.

தாய்மார்களுக்கு இரண்டு வார்த்தை

வீட்டில் தேன் இருந்தால் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள், நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். எவ்வளவு சுத்தமான தேனிலும் ஒருவகைக் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். நம் வயிறு தாங்கும், பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வந்து, குழந்தை பால் குடிக்கவும் அழவும் வலுவில்லாமல் துவண்டு போகும். பாட்டிமார்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். நகத்தால் சுரண்டி உடனே எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். கொட்டின இடம் மட்டும் வீங்கினால் பயமில்லை. மூச்சுத் திணறல், உதடு அல்லது முகம் வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அந்த வருஷம் என் பெட்டியில் மயினி பெட்டியின் அளவுக்குத் தேன் வரவில்லை. பாதிதான். தேன் காலம் தொடங்கும்போது என் தேனீக்கள் இன்னும் சின்னப் பிள்ளைகள். ஆனாலும் பெட்டி பிழைத்தது. மகளின் பள்ளிக்கூடச் செலவில் பாதியை அது கொடுத்தது. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டோம்.

போன கார்த்திகையில் அடுத்த தெருவிலிருந்து ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், இடுப்பில் கைக்குழந்தை. "அக்கா, எங்க பெட்டியில சத்தம் என்னமோ மாதிரி இருக்கு, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

அடுப்பை அணைத்துவிட்டு, என் பெட்டியிலிருந்து ஒரு சட்டம் எடுத்துக்கொண்டு போனேன்.